எனக்குச் சொல்லாதங்க

அக்காவின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. மற்றவர்களின் பெயர்களையும் சில அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, கடைசியில் விளங்கும்.

தன்னைப் பற்றி யாரும் பேசுவது அவருக்குப் பிடிக்காது. அதைவிட, மற்றவர்களைப் பற்றி யாராவது தன்னிடம் வந்து சொல்வது பிடிக்கவே பிடிக்காது. பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "அக்கா, விசயம் தெரியுமா?" என்று ஒருவர் தொடங்கினால் போதும். வலது கையை நெஞ்சுக்கு நேரே தூக்கி உள்ளங்கையைக் காட்டுவார்.

"எனக்குச் சொல்லாதங்க."

கோபத்தோடு சொல்வதில்லை. தேத்தண்ணி வேண்டாம் என்று சொல்கிற மாதிரித்தான் சொல்வார். ஆனால் சொல்லவந்தவர் முகம் சுருங்கிப் போகும். பிறகு அவரைப் பற்றியே கதைப்பார்கள். பெருமைக்காரி என்பார்கள். கல்யாணம் கட்டாமல் நாற்பது வயது தாண்டினால் இப்படித்தான் என்பார்கள். அதையும் யாராவது அவரிடம் கொண்டுபோனால் அதே கை எழும்பும்.

நான் அப்போது நாவற்குடாவில் ஒரு சிறிய நிறுவனத்தில் கோப்புகளுக்குப் பொறுப்பாக இருந்தேன். வீட்டில் அடி தாங்க முடியாமல் வெளியேறி வருகிற பெண்களுக்குச் சட்ட உதவியும் தங்க இடமும் கொடுக்கிற நிறுவனம். அலுவலகத்தில் பெயர்ப்பலகை இருந்தது, யாரும் வரலாம். பெண்கள் தங்கும் வீடு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், வவுணதீவுப் பக்கம் வயல்வெளிக்குள் இருந்தது. அது எங்கே என்று எங்களில் ஐந்து பேருக்குத்தான் தெரியும்.

வீட்டுக்குப் பொறுப்பாக இருந்தவர் பூமணி அன்ரி. மிட்வைப்பாக இருந்து ஓய்வுபெற்றவர். பெண்களின் வாக்குமூலம், வைத்திய அறிக்கை, வழக்குத் தவணை எல்லாவற்றையும் அவரும் நானும் ஒரு பென்டிரைவில் போட்டு வான் சாரதியிடம் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தோம். ஒருமுறை அந்தப் பென்டிரைவ் தொலைந்துபோனது. இரண்டு நாள் கழித்து வானின் பின்சீற்றுக்குக் கீழே கிடந்தது. அந்த இரண்டு நாளும் பணிப்பாளர் அம்மா சோறு சாப்பிடவில்லை. ஒன்பது பெண்களின் உயிர் அதற்குள் கிடந்தது.

அதற்குப் பிறகுதான் இரண்டு இடத்தையும் கணினி வழியாக, வெளியாட்கள் பார்க்க முடியாதபடி இணைப்பது என்று முடிவானது. வான் சாரதியைத் தவிர அந்த வீட்டுக்கு ஆண்கள் போவதில்லை. அதனால் பெண் ஒருவர்தான் வேண்டும் என்று தேடியபோது கிடைத்தவர் அக்கா. சிவப்பு ஸ்கூட்டியில் வந்தார். முதுகுப்பையில் இருந்து ஒரே மாதிரியான இரண்டு சின்ன ரவுட்டர்களை எடுத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இன்டர்நெட் எண்டுறது பெரிய ரோட்டு புள்ள. அதால எல்லாரும் போவாங்க, எல்லாரும் பாப்பாங்க. நாம புது ரோட்டு வெட்டப் போறல்ல. அந்த ரோட்டாலயேதான் போகப்போறம். ஆனா இந்தப் பெட்டி எல்லாத்தையும் குழப்பிப் பூட்டி அனுப்பும். அந்தப் பெட்டி மட்டும்தான் திறந்து சரியாக்கும். நடுவில எடுத்துப் பாக்கிறவனுக்கு ஒண்டும் விளங்காது. இதுக்குத்தான் டனல் எண்டுறது."

"அப்ப திறப்பு?" என்று பணிப்பாளர் அம்மா கேட்டார்.

"ரெண்டு பெட்டியிலயும் ஒரே திறப்பு இரிக்கோணும். ஒரு நீளமான சொல்லு. அத நீங்க போடுங்க. எனக்குத் தெரியப்படாது."

அன்றைக்கு நடந்ததை நான் மறக்கமாட்டேன். பதினாறு எழுத்தைப் பணிப்பாளர் அம்மா தன் மனதுக்குள் யோசித்துத் தட்டவேண்டும். மிச்சப் பதினாறைப் பூமணி அன்ரி தட்டவேண்டும். ஒருவர் தட்டும்போது மற்றவர் பார்க்கக்கூடாது. இரண்டு பெட்டியிலும் அதே சொல். அவர்கள் தட்டி முடியும்வரை அக்கா கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தார்.

இரண்டு பெட்டிக்கும் இடையிலான இணைப்பை அக்கா கோடு என்பார். கோடு எழும்பவில்லை. இரண்டு பெட்டியும் ஒன்றையொன்று ஏற்க மறுத்தன. யாரோ ஒருவர் ஓரிடத்தில் பெரிய எழுத்துக்குச் சின்ன எழுத்தைப் போட்டிருக்கவேண்டும் என்று அக்கா சொன்னார். சொல்லைக் காட்டச் சொல்லிக் கேட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். அவர் கேட்கவில்லை.

"அழிச்சிட்டு முதல்ல இருந்து போடுவம்."

மறுபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். இரண்டாம் முறையும் சரிவரவில்லை. பூமணி அன்ரிக்குக் கண் சரியாகத் தெரியாது, வேர்த்துக் கொட்டியது.

"இந்தா புள்ள, நான் கடுதாசில எழுதித் தாறன், நீயே போடு" என்றார்.

"வேணாம் அன்ரி. ஆறுதலாப் போடுங்க. எனக்கு அவசரமில்ல."

மூன்றாம் முறை எழும்பியது. இரண்டு பெட்டியிலும் ஒரு பச்சை விளக்கு நின்று எரிந்தது. வந்து மூன்றரை மணித்தியாலம் போயிருந்தது. அக்கா பச்சையைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு.

"ஏன் அக்கா உங்களுக்குத் தெரிஞ்சா என்ன?" என்று கேட்டேன்.

"ஒருக்காத் தெரிஞ்சா மறுகா தெரியாமப் பண்ண ஏலாது புள்ள."

அடுத்த நாள் நானும் அவரும் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வானில் வலையிறவுப் பாலம் கடந்து போனோம். அங்கே இன்டர்நெட் சிம் மூலம்தான். தகரக் கூரைக்கு மேலே ஒரு அன்ரனாவைக் கட்டி, நெல் காயப்போட்டிருந்த படங்கு விரிப்பைத் தாண்டித் தாண்டி வயரை இழுத்தார். இரண்டு இடத்திலும் ரவுட்டருக்குள் இருந்த முகவரி வரிசை ஒன்றாகவே இருந்தது. "ரெண்டு வீட்டுக்கும் ஒரே இலக்கமெண்டா தபால்காரன் எங்க போவான்?" என்று சொல்லி ஒன்றை மாற்றினார். பிறகு ஒரு விசயம் சொன்னார். சிம்மில் ஓடுகிற பெட்டிக்கு வெளியில் இருந்து தேடிப் பிடிக்கக்கூடிய சொந்த முகவரி கிடையாதாம். அதனால் அலுவலகம் அந்த வீட்டைக் கூப்பிட முடியாது. வீடுதான் அலுவலகத்தைக் கூப்பிடும். அலுவலகம் கதவைத் திறந்து காத்திருக்கும்.

"நல்லதுதானே" என்று பூமணி அன்ரி சொன்னார். "இந்தப் பிள்ளைகளுக்கு அப்பிடித்தான் இரிக்கோணும்."

பிறகும் ஒரு வில்லங்கம் இருந்தது. சின்னச் செய்திகள் போயின. ஸ்கான் பண்ணிய கோப்புகள் பாதியில் நின்றன. அக்கா மூன்று முறை வந்து பார்த்தார். பூட்டிச் சுற்றும்போது தகவல் பொதி பெருத்துவிடுகிறது, பெருத்த பொதி வாசலுக்குள் நுழையுதில்லை, பொதியைச் சின்னதாகக் கட்டவேண்டும் என்று கண்டுபிடித்தார். அந்த மூன்று முறையும், அனுப்பிப் பார்ப்பதற்கு நான் உண்மையான கோப்பை எடுத்தபோது மறித்தார். தன்னுடைய தொலைபேசியில் இருந்த ஒரு தென்னை மரத்தின் படத்தைத் தந்து அதை அனுப்பச் சொன்னார். இருபது தடவையாவது அந்தத் தென்னை மரம் வாவியைக் கடந்துபோய் வந்தது.

அவரிடம் எனக்கு ஒரு மனக்குறையும் இருந்தது. அந்த வீட்டில் மலர் என்று ஒரு பெண் இருந்தாள். இருபத்தெட்டு வயது. ஆறு வயதில் ஒரு மகள். புருசன் அவளுடைய இடது கையில் கொதித்த எண்ணெயை ஊற்றியிருந்தான். மலர் யாரோடும் பேசாமல் இருந்த பிள்ளை. அக்கா இரண்டாம் முறை அங்கே போனபோது, என்ன தோன்றியதோ, மலர் அவர் பக்கத்தில் வந்து நின்று சட்டைக் கையை மேலே சுருட்டினாள்.

"அக்கா, இதப் பாருங்க. இது அவர்…"

அக்கா ஒரு அடி பின்னுக்குப் போனார். கை எழும்பியது.

"எனக்குச் சொல்லாதங்க தங்கச்சி."

மலர் சட்டைக் கையை இறக்கிவிட்டு உள்ளே போய்விட்டாள். பூமணி அன்ரிக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

"அந்தப் பிள்ள வாய் துறக்கிறதே இல்ல. துறந்திச்சி, நீ அடிச்சிச் சாத்திப்போட்டாய். உனக்கெல்லாம் நெஞ்சு இரிக்கா புள்ள?"

அக்கா வயரைச் சுற்றிக்கொண்டே நின்றார். திரும்பி வரும் வழியில், பாலத்துக்குக் கிட்ட, வானுக்குள் அவர் தன் சால்வையால் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி வெளியே பார்த்தேன்.

இரண்டு வாரத்தில் அவரே ஒரு யோசனையோடு வந்தார். மலர் சட்டத்தரணியைச் சந்திக்க ஊருக்குள் வரத் தேவையில்லை, இந்தக் கோடு வழியாகவே முகம் பார்த்துக் கதைக்கலாம், அதற்கு ஏற்பாடு செய்து தாறன் என்றார். ஒரு சனிக்கிழமை செய்தும் கொடுத்தார். வீட்டுக்குள் மலர் கதவைச் சாத்திக்கொண்டு, நாவற்குடாவில் இருந்த சட்டத்தரணிக்கு எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டு மணித்தியாலம். கோடு அறுந்தால் அக்கா தேவைப்படுவார் என்று அவரையும் நிற்கவைத்திருந்தோம். அவர் வீட்டுக்குள் நிற்கவில்லை. குரல் கேட்காத தூரத்தில், வேலிக்கு அப்பால் வயல் வட்டைக்குப் போகும் வரம்பில், பங்குனி வெயிலில் குடையும் இல்லாமல் குந்தியிருந்தார். முடிந்ததும் மலரே ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். அக்கா குடித்துவிட்டுச் செம்பைக் கொடுக்கும்போது அந்தப் பொசுங்கிய கையை ஒரு கணம் பிடித்திருந்தார். அதற்குப் பிறகு அவரைப் பற்றிக் குறை சொல்ல மலர் யாரையும் விடவில்லை.

இனி என்னைப் பற்றிச் சொல்லவேண்டும்.

மலரின் புருசன் இரண்டு தரம் அலுவலகத்துக்கு வந்திருந்தான். மரியாதையாக வந்து, மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனான். பணிப்பாளர் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் தரம் அவன் வரவில்லை. அவனுடைய தாய் வந்தா. பணிப்பாளர் அம்மா அரசாங்க அலுவலாகக் கச்சேரிக்குப் போயிருந்த நேரம். நான் மட்டும்தான் இருந்தேன். வெறுங்காலோடு வந்திருந்தா. கையில் ஒரு சொப்பிங் பை.

"மகள், நான் எங்க எண்டு கேக்க வரல்ல. அது எனக்கு வேணாம். பேத்திக்கு முட்டு வந்தா மூச்செடுக்க ஏலாது. இழுக்கிற பம்ப வீட்டில விட்டுட்டுப் போயிட்டாள். ராத்திரியில பிள்ள என்ன பாடுபடுதோ தெரியா. இதக் குடுத்துவிடுங்க மகள். உங்களக் கும்பிடுறன்."

பையைத் திறந்து காட்டினா. நீல நிற பம்ப் ஒன்று. ஒரு சின்ன உடுப்பு. ஒரு பக்கற் பிஸ்கட். அழுதுகொண்டே இருந்தா. அந்த அழுகை பொய் என்று நான் இன்றுவரை நினைக்கவில்லை. பிள்ளைக்கு முட்டு இருப்பதும், அந்தக் கிழமை இரண்டு தடவை வந்து பூமணி அன்ரி தவித்ததும் எனக்குத் தெரியும். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

"அழாதங்க அம்மா. நாளைக்கு வான் அக்கரைக்குப் போகும், குடுத்துவிடுறன்" என்றேன்.

வான் போகும் நாளை யாருக்கும் சொல்லக்கூடாது என்பது எங்கள் விதி. வீடு எந்தப் பக்கம் என்பதைச் சொல்லவே கூடாது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டேன். சொன்ன நேரம் எனக்கு உறைக்கவில்லை. அன்றைக்குப் பின்னேரம் வீட்டுக்குப் போகும்போது ஒரு நல்ல காரியம் செய்த மாதிரி இருந்தது.

அடுத்த நாள் காலை பத்து மணி போல வான் அங்கே போய்ச் சேர்ந்தது. சாரதி பின்னால் வந்த மோட்டார் சைக்கிளைக் கவனிக்கவில்லை. வயல் வேலைக்குப் போகிற ஆட்கள் எத்தனையோ பேர் அந்தப் பாதையில் போவார்கள். மலர் வளவுக்குள் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். பூமணி அன்ரி குசினியில் இருந்து ஓடி வருவதற்குள் எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. அந்த வானிலேயே ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பாலத்துக்கு வருமுன்னமே மலர் போய்விட்டாள்.

புருசனை அன்றைக்கே பிடித்தார்கள். இடம் எப்படித் தெரியும் என்று பொலிஸ் கேட்டதற்கு வாயைத் திறக்கவே இல்லையாம். தாயை இதற்குள் இழுக்கக்கூடாது என்று இருந்திருப்பான். அது எனக்கு மட்டும்தான் விளங்கியது.

பிள்ளையை மலரின் தமக்கை திருகோணமலைக்குக் கூட்டிப்போனா. வீட்டை மூடவேண்டி வந்தது. மற்ற எட்டுப் பெண்களையும் வேறு வேறு இடங்களுக்கு அனுப்பினோம். இரண்டு பேர் எங்கேயும் போகமாட்டோம் என்று சொல்லி, அடித்த புருசன்களிடமே திரும்பிப் போனார்கள்.

செத்த வீடு முடிந்த கையோடு விசாரணைக் கூட்டம் வைத்தார்கள். நிர்வாக சபையில் இருந்து மூன்று பேர், பணிப்பாளர் அம்மா, பூமணி அன்ரி, நான், அக்கா. சபையில் இருந்த ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் ஒருவர் தொடக்கத்திலேயே சொன்னார்.

"இவ்வளவு காலமும் இடம் வெளிய போகல்ல. இந்தக் கொம்பியூட்டர் கோடு போட்ட பிறகுதான் போயிரிக்கி. வேற என்ன புதுசா நடந்தது?"

அக்கா ஒரு கட்டுக் கடதாசியோடு வந்திருந்தார். மூன்று நாளாக நித்திரை இல்லாத கண். இரண்டு பெட்டியிலும் பதிவாகியிருந்ததை எல்லாம் அச்செடுத்திருந்தார். எந்த நாள், எந்த நேரம் கோடு எழும்பியது, எப்போது விழுந்தது, வெளியில் இருந்து யாராவது தட்டிப் பார்த்தார்களா என்று ஒவ்வொரு வரியாகக் காட்டினார். அதைப் பார்க்கிற பொறுமை அங்கே ஒருவருக்கும் இருக்கவில்லை.

"இதெல்லாம் எங்களுக்கு விளங்காது. நீங்க ஒண்டு சொல்லுங்க. இதுக்குள்ளால கசியவே இல்லையெண்டு நூறு வீதம் சொல்ல ஏலுமா?"

அக்கா கடதாசியைப் பார்த்தார்.

"பதிவில ஒண்டும் இல்ல சேர். ஆனா நூறு வீதம் எண்டு சொல்ல ஏலாது. எந்தக் கோட்டுக்கும் அப்பிடிச் சொல்ல ஏலாது."

"அப்ப சரி" என்று அவர் பேனையை மூடினார்.

நான் அந்த மேசையில்தான் இருந்தேன். அக்காவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு கதிரைதான். வாயைத் திறந்தால் ஒரு வசனத்தில் முடிந்துவிடும். நான் குனிந்து கூட்டக் குறிப்பை எழுதிக்கொண்டே இருந்தேன். "தகவல் தொழில்நுட்ப ஒழுங்கமைப்பில் ஏற்பட்ட குறைபாடு" என்று அறிக்கையைத் தட்டச்சு செய்ததும் நான்தான்.

கூட்டம் முடிந்து அவர் ரவுட்டரைக் கழற்ற வந்தபோது பக்கத்தில் போய் நின்றேன்.

"அக்கா, நான் ஒண்டு சொல்லோணும். மலர்ட…"

"எனக்குச் சொல்லாதங்க புள்ள." என் முகத்தைக்கூட அவர் பார்க்கவில்லை. "உங்கட கோப்பில இருந்த எதுவும் எனக்குத் தெரியவேணாம். இப்பயும் வேணாம்."

கோப்பில் இருக்கும் விசயத்தைச் சொல்லவருகிறேன் என்று நினைத்துவிட்டார். இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த நேரம் எனக்கு வந்தது நிம்மதி. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் வந்தது நிம்மதிதான்.

கதை ஊருக்குள் பரவக் கனநாள் எடுக்கவில்லை. ஏறாவூரில் ஒரு முதலாளி தன் இரண்டு கடைகளுக்கும் அவரைக் கொண்டு கோடு போடுவிக்க இருந்தவர், வேறு ஆளைப் பிடித்தார். ஒரு தனியார் வைத்தியசாலை அவரை இனி வரவேண்டாம் என்றது. அவர் யாரிடமும் போய் விளக்கம் சொல்லவில்லை. விளக்கம் சொல்வதென்றால் மலரைப் பற்றிப் பேசவேண்டும். அவர் பேசமாட்டார்.

பதினொரு மாதம் கழித்து அவரைச் செங்கலடியில் கண்டேன். சந்தைக்குப் பக்கத்தில் ஒரு தொலைபேசி திருத்துகிற கடையில் ஒரு மூலையில் வேலை செய்துகொண்டிருந்தார். மெலிந்து, தோள் எலும்பு தெரிந்தது. மேசையில் அந்த இரண்டு ரவுட்டர்களும் இருந்தன. வயரால் ஒன்றோடொன்று இணைத்து, பக்கத்தில் மடிக்கணினி. திரையில் எண்கள் மேலே மேலே ஓடிக்கொண்டிருந்தன.

"என்னக்கா இது?"

"அதேதான் புள்ள. அதே பெட்டி, அதே மாதிரிப் போட்டு வச்சிரிக்கன். ஓட்டை எங்க எண்டு பாக்கன்." என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பதினொரு மாசமாப் பாக்கன். அம்பிடுதில்ல. அம்பிடாட்டி இல்லையெண்டு அர்த்தமில்லத்தானே. எங்கயோ ஒரு இடத்தில நான் விட்டிரிக்கன். எங்க எண்டு தெரிஞ்சாப் போதும். தெரிஞ்சா எனக்கு நித்திர வரும்."

அவர் தன்மேல் சந்தேகம் கொள்வார் என்று நான் யோசித்ததே இல்லை. வேலை போனதுதான் அவருக்கு நடந்த அநியாயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மலரைத் தானே கொன்றுவிட்டதாக நம்பிக்கொண்டு, இல்லாத ஒரு ஓட்டையை ஒரு மனுசி பதினொரு மாதமாகத் தேடிக்கொண்டிருக்கிறா. கடைக்கு முன்னால் பஸ் வந்து நின்றது. நான் ஏறிவிட்டேன்.

அடுத்த நாள் பணிப்பாளர் அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இப்ப சொல்லி?" என்று கடைசியில் கேட்டார். "அறிக்க போயிட்டு. வீடும் இல்ல. இத எழுத்தில தராதங்க. தந்தா இந்த அலுவலகத்தையும் மூடிப்போடுவாங்க. இஞ்ச இன்னும் பதினேழு பேர்ட வழக்கு நடக்குது."

வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு அங்கிருந்து நேரே அக்காவின் வீட்டுக்குப் போனேன். வாவிக் கரையோரம், சின்ன வீடு. கடப்படியில், கேற்றைத் திறந்தபடி நின்றவர் என் முகத்தைக் கண்டதுமே கையைத் தூக்கினார். நான் நிற்கவில்லை. மூச்சு விடாமல் சொல்லிவிட்டேன். கிழவி வந்தது, பம்ப், நான் சொன்னது, எல்லாம். சொல்லிக்கொண்டு போக, தூக்கிய கை மெதுவாகக் கீழே வந்தது.

"என்ன சொன்னீங்க அந்த அம்மாவுக்கு? சொன்ன சொல்ல அப்பிடியே சொல்லுங்க."

"நாளைக்கு வான் அக்கரைக்குப் போகும், குடுத்துவிடுறன்."

அவர் உதடு அசைந்தது. அந்த வசனத்தை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தார் என்று நினைக்கிறேன். பிறகு உள்ளே போனார். திரும்பி வந்து முற்றத்தில் கிடந்த மரக் கதிரையில் இருந்தார். முகத்தில் கோபம் இல்லை. எனக்கு அது கோபத்தைவிடப் பயமாக இருந்தது.

"நான் எல்லாருக்கும் சொல்லுறன் அக்கா. சபைக்குச் சொல்லுறன். பொலிசுக்குச் சொல்லுறன். உங்கட பேரில இருக்கிற பழிய…"

"அந்தப் பிள்ளைக்கு இப்ப எத்தின வயசு?"

யாரைப் பற்றியும் எதையும் கேட்காத மனுசி கேட்ட கேள்வி அது.

"ஏழு முடியப்போகுது."

"வளந்து ஒரு நாளைக்கு வரும். என்ன நடந்ததெண்டு கேக்கும். தனக்குக் கொண்டுவந்த மருந்தாலதான் அம்மா செத்தா எண்டு அதுக்கு யார் சொல்லுறது? நீங்க சொல்லுவீங்களா?"

நான் அழத் தொடங்கிவிட்டேன்.

"ஒருத்தருக்கும் சொல்லாதங்க. ஓட்டை என்ட கோட்டில இருந்ததாவே இரிக்கட்டும். மெசின் பிழையெண்டா பிள்ள மெசினக் குறை சொல்லும்."

"அப்ப நீங்க, அக்கா?"

அவர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். அணைப்பதற்கல்ல. கேற்றுப் பக்கம் திருப்புவதற்கு.

"நீங்க சொல்லி இறக்கிட்டீங்க புள்ள. நான் இத எங்க கொண்டுபோய் இறக்க? போங்க. இனி வராதங்க."

அதற்குப் பிறகு நான் போகவில்லை. அவர் அந்தத் தொழிலை விட்டுவிட்டதாகவும், தன் வீட்டில் இன்டர்நெட்டே வைத்திருப்பதில்லை என்றும் கேள்விப்பட்டேன்.

போன மாதம் பதுளை வீதியால் வருகிற பஸ்ஸில் எனக்கு முன்சீற்றில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி மற்றவளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"படுவான்கரையில ஒரு பொம்பிளைய வெட்டினானே, தெரியுமா? அந்த வீட்டுக்குக் கோடு போட்ட ஒருத்தியாலதான். காசுக்கு இடத்தக் காட்டிக் குடுத்திட்டாளாம். இப்ப வெளியில தல காட்டுறல்லயாம்."

"அடிப்பாவி. அவளுக்கெல்லாம் நல்ல சாவு வருமா?" என்றாள் மற்றவள்.

நான் அவர்களுடைய பின்னந்தலைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். கொண்டக்டர் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கத்தினார். பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.